ஃபேனை விட ஸ்க்ரூ முக்கியம்: நாக்டுவா என்எச்-யூ12எஸ் கூலர் வாங்கி மாட்டிய அனுபவம்

ப்ராசஸரோடு பெட்டியில் சும்மா வந்த கூலரை ஒன்றரை வருடம் ஓட்டினேன். அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆறு கோர் உள்ள 65 வாட் சிப்பை ஒரு நாளும் அது கைவிடவில்லை. ஆனால் ஒரு வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றப் போட்டாலோ, கொஞ்சம் பெரிய ப்ரோக்ராமை கம்பைல் செய்தாலோ, மேசைக்கு அடியில் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டு மறந்து போனது போல ஒரு சத்தம். அதையாவது பழகிக்கொள்ளலாம். பிரவுசரில் ஒரு டேபைத் திறந்தால் போதும், 'உய்ங்' என்று ஏறி, மூன்று நொடியில் இறங்கி, அடுத்த டேபுக்கு மறுபடி ஏறும். ஏறி இறங்கும் சத்தம்தான் மனுஷனைக் கொல்லும். ஒரே சீராகக் கேட்கும் இரைச்சலைக் காது தானாகவே ஒதுக்கிவிடும், இதை ஒதுக்காது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கூலர் மாற்றியது சூட்டைக் குறைக்க இல்லை, சத்தத்தைக் குறைக்க. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கூலர் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் டிகிரி கணக்கைத்தான் பேசுகிறார்கள், இது 68, அது 65 என்று. அந்த மூன்று டிகிரியில் உங்கள் கம்ப்யூட்டர் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது. இப்போதைய ப்ராசஸர்கள் 90, 95 டிகிரி வரை தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, இன்டெலில் பல சிப்களுக்கு 100 டிகிரி வரை எல்லை. 2022-ல் ஏஎம்5 சாக்கெட்டோடு (சாக்கெட் என்பது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) வந்த ஏஎம்டி கம்பெனியின் ரைஸன் 7000 வரிசையில் உயர்ந்த மாடல்கள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. எல்லையைத் தொட்டால் சிப் எரியாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு சூடு என்பது இல்லை, அந்தச் சூட்டில் வைத்திருக்க ஃபேன் எவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது என்பது.

சரி, வாங்குவதற்கு முன் பார்த்த விஷயங்கள். சாக்கெட் என்னுடையது ஏஎம்டி-யின் ஏஎம்4, 2016-ல் வந்தது, இன்றைக்கும் கூலர் கிடைப்பதில் சிரமமே இல்லை. இன்டெல் ஆட்கள்தான் கவனிக்க வேண்டும். பல தலைமுறைக்கு மதர்போர்டில் ஸ்க்ரூ துளைகள் 75 மி.மீ. இடைவெளியில் இருந்தன, எல்ஜிஏ 1200 சாக்கெட் வரை அப்படித்தான், 2021-ல் எல்ஜிஏ 1700 வந்தபோது அது 78 மி.மீ. ஆகிவிட்டது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய கூலரை அழுத்தி மாட்டப் பார்க்காதீர்கள், சிப்பின் உயரமும் மாறியிருக்கிறது, அழுத்தம் சரியாக விழாது. ஏஎம்4-லிருந்து ஏஎம்5-க்குப் போகிறவர்களுக்குத் துளை இடைவெளி அப்படியேதான், ஆனால் ஏஎம்5-ல் பின்பக்கத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, அதைக் கழற்ற முடியாது, அதனால் சொந்தத் தகடு போட்டு மாட்டும் பழைய கூலர்கள் அங்கே ஆகாது.

அடுத்தது உயரம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டவர் வகைக் கூலர் மதர்போர்டிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும், கேபினெட்டின் பக்கக் கதவு அதன் தலைக்கு மேல் மூட வேண்டும். நாக்டுவா என்எச்-யூ12எஸ் 158 மி.மீ. என் கேபினெட் 160 வரை இடம் கொடுக்கும் என்று அதன் கையேடு சொன்னது. இரண்டு மி.மீ.-ஐ நம்பி வாங்குவதா என்று பயம், பழைய கூலரைக் கழற்றாமலேயே ஒரு அட்டைத் துண்டை 158-க்கு வெட்டி, போர்டில் சிப் மட்டத்துக்கு ஒட்டி நிறுத்திக் கதவை மூடிப் பார்த்தேன். மூடியது. கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் அளந்து பார்ப்பது அளவு போகாமல் திருப்பி அனுப்புவதை விட மேல்.

மூன்றாவது ரேம். இரட்டை டவர் கூலர்களில் முன் ஃபேன் ரேம் மேல் வந்து உட்காரும், ரேம் உயரமாக, கிரீடம் வைத்த மாதிரி இருந்தால் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும், தூக்கினால் மொத்த உயரம் கூடும், கூடினால் கதவு மூடாது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்தது. யூ12எஸ் ஒல்லி, ஃபேன் இல்லாமல் 45 மி.மீ., ஃபேனோடு 71 மி.மீ. ஆழம்தான், ரேம் பக்கமே வராது. நான் இதை எடுக்க முக்கியக் காரணமே அதுதான். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்று இரட்டை டவர், இரட்டை ஃபேன், ஆறு ஹீட் பைப் (சூட்டை மேலே கொண்டுபோகும் குழாய்) வைத்த ஒன்று இருக்கிறது, நாக்டுவாவை விட விலை குறைவு, குளிர்விப்பதிலும் மேல். ரேம் சின்னதாக இருந்து, கேபினெட்டில் இடமும் இருந்தால் அதை வாங்காமல் இதை வாங்க வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வாட். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணும் சிப் உண்மையில் இழுக்கும் வாட் எண்ணும் ஒன்றல்ல. ஏஎம்4-ல் 65 வாட் என்று போட்டால் பொதுவாக சாக்கெட் வழியே 88 வாட் வரை போக அனுமதி, 105 என்று போட்டால் 142. இன்டெல் ஐ5-12400-ஐ எடுத்துக்கொண்டால் அடிப்படை 65, உச்சம் 117. கூலர் பெட்டிகளில் 200 வாட், 250 வாட் தாங்கும் என்று எழுதுவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, எந்த அறை வெப்பத்தில், எந்த சிப்பில், எவ்வளவு சத்தத்தில் என்று சொல்லாத எண்ணால் என்ன பயன்? போதாததற்கு, சிப் சின்னதாக ஆக ஆக சூடு ஒரு நகக்கண் அளவு இடத்திலிருந்து பீறிட்டு வருகிறது, மேலே எவ்வளவு பெரிய மலையைத் தூக்கி வைத்தாலும் அந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் சூடு வெளியே வர வேண்டும். அதனால்தான் கூலரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் டிகிரி இறங்குவதில்லை.

தண்ணீர்க் கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகுதான். 200 வாட்டுக்கு மேல் போகும் சிப்புக்கு நியாயமும் உண்டு. ஆனால் அதில் ஃபேனோடு பம்பும் இருக்கிறது, பம்பு நின்றால் மொத்தமும் குப்பை. காற்றுக் கூலரில் ஃபேன் செத்தால் வேறு ஃபேனைக் கம்பி போட்டு மாட்டிக்கொள்ளலாம், மீதி வெறும் உலோகம், அது கெட்டுப்போக ஒன்றுமில்லை. 65 வாட் சிப்புக்குத் தண்ணீர் விடுவது எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது? ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுக் கட்டு, அதோடு என்எஃப்-எஃப்12 என்ற 120 மி.மீ. ஃபேன், வேகத்தைக் குறைக்க ஒரு குட்டி வயர், இரண்டாவது ஃபேன் மாட்ட நினைத்தால் அதற்கான கம்பிக் கிளிப்புகளும் ரப்பர் பட்டைகளும், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வைக்க ஒரு ட்யூப் என்டி-எச்1 பேஸ்ட், சாக்கெட் வாரியாகத் தனித்தனிப் பொட்டலத்தில் ஸ்க்ரூக்கள். இந்தப் பொட்டலங்களைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொன்றின் மேலும் எந்த சாக்கெட்டுக்கு என்று எழுதியிருந்தது. நாற்பது ஸ்க்ரூவை ஒரே கவரில் கொட்டி அனுப்பி, 'படத்தைப் பார்த்துக் கண்டுபிடி' என்று சொன்ன இன்னொரு கம்பெனிக் கூலரை மாட்டியவன் நான். அதன் பெயர் வேண்டாம். அதில் இரண்டு ஸ்க்ரூ பார்க்க ஒரே மாதிரி இருந்து நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டன, மாற்றிப் போட்டதில் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, கம்ப்யூட்டரை ஆன் செய்த சில நொடியில் 95 தொட்டது, நான் பேஸ்ட் மோசம் என்று நினைத்து மூன்று தடவை பேஸ்ட் மாற்றினேன். மூன்று தடவை! நான்காவது தடவைதான் ஸ்க்ரூவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதிலிருந்து கற்றுக்கொண்டது என்னவென்றால், கூலரை விமர்சிக்கும்போது ஃபேனையும் தகடுகளையும் பார்ப்பதற்கு முன் அது எப்படி போர்டில் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பின் எண் சுமார் 400, அலுமினியம் 237 அளவில், காற்று 0.026. காற்று என்பது கிட்டத்தட்ட போர்வை. சிப்பின் மூடிக்கும் கூலரின் அடிப்பாகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் அந்தக் காற்று தங்கிக்கொள்கிறது, அதைத் துரத்தத்தான் பேஸ்ட். பேஸ்ட் ஒன்றும் மாய மருந்து இல்லை, செம்போடு ஒப்பிட்டால் அதுவும் மந்தம்தான், ஆகவே எவ்வளவு மெல்லிய படலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. படலத்தை மெல்லியதாக்குவது எது? ஸ்க்ரூவின் அழுத்தம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி விழும் அழுத்தம். உள்ளே போனால் எல்லாம் ஸ்க்ரூவில்தான் வந்து நிற்கிறது.

ஹீட் பைப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் அது கெட்டியான செம்புக் கம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வெற்று, மூடிய குழாய், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும், ஆவி மேலே தகடுகள் பக்கம் போய் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும், உள்சுவரில் இருக்கும் திரி மாதிரியான அடுக்கு அதை உறிஞ்சிக் கீழே கொண்டுவரும். இதில் நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். யூ12எஸ்-ல் இப்படி ஐந்து.

இப்போது மாட்டிய கதை.

பழைய கூலரைக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். ஏஎம்4 ப்ராசஸரில் 1331 பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கும், சாக்கெட் அவற்றைப் பிடித்திருப்பது ஒரு குட்டி லீவர் பலத்தில்தான். பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு இதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது. கூலரைக் கையில் பிடித்துக்கொண்டு சாக்கெட்டைப் பார்க்கிறேன், காலி. திருப்பிப் பார்த்தால் கூலரின் அடியில் ப்ராசஸர், ஓரத்தில் ஏழெட்டு பின்கள் படுத்திருக்கின்றன. லெட் எடுத்துவிட்ட பென் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நிமிர்த்தினேன். பிழைத்தது. அது என் அவசரம், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

ஆகவே இந்த முறை செய்தது: அரை மணி நேரம் கனமான வேலை ஒன்றைக் கொடுத்து சிப்பை நன்றாகச் சூடாக்கி, உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேஸ்ட் இளகி இருக்கும்போதே நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்தி, கூலரைத் தூக்காமல் முதலில் இடமும் வலமுமாகக் கடிகார முள் மாதிரி லேசாகத் திருப்பினேன். சர்க் என்று வழுக்கியதும் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தேன். ப்ராசஸர் இருந்த இடத்திலேயே இருந்தது. நிம்மதி.

நிம்மதி பத்து நொடிதான். 'டொக்' என்று கேபினெட்டுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. மதர்போர்டின் பின்பக்கத் தகடு! ஸ்க்ரூக்கள்தான் அதைப் பிடித்திருந்தன, அவற்றைக் கழற்றினால் பிடிக்க ஆள் இல்லை. கேபினெட்டை நிற்க வைத்தபடியே வேலை செய்தால் இதுதான் நடக்கும். படுக்க வைத்தாலும் பின்பக்கம் கை கொடுக்க இடம் வேண்டும். நாக்டுவா ஏஎம்4-க்கு அந்தப் பழைய தகட்டையேதான் பயன்படுத்துகிறது, எனவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் பின்பக்கக் கதவையும் திறந்து, தகட்டை மறுபடி வைத்து, முகமூடி நாடா என்று சொல்லும் அந்தக் காகித டேப்பால் ஒட்டிவிட்டு முன்னால் வந்தேன். வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிட்டேன்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். காய்ந்த சாம்பல் நிறப் பேஸ்ட் சாக்கெட் ஓரத்தில் விழாமல் உள்பக்கமாகத் துடைத்து வந்தேன். மூடியில் அச்சடித்த எழுத்து பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அதற்குமேல் நாக்டுவாவின் பொறுப்பு. நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் துளைகளின் மேல், அதன் மேல் இரண்டு உலோகப் பட்டைகள், நான்கு நீள ஸ்க்ரூ பின்தகட்டில் போய்க் கடிக்கும். பட்டைகளை எந்தப் பக்கம் மாட்டுகிறோமோ அதை வைத்துத்தான் கூலர் எந்தத் திசை பார்க்கும் என்பது முடிவாகும், இரண்டு ஜோடி கொடுத்திருக்கிறார்கள், முன்னிருந்து பின்னாகக் காற்று போக வேண்டுமென்றால் ஒன்று, கீழிருந்து மேலாக என்றால் இன்னொன்று. நான் முதலில் தப்பான ஜோடியை மாட்டிவிட்டேன். படத்தைப் பார்க்காமல் செய்தால் அப்படித்தான். ஐந்து நிமிஷம் வீண்.

பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்பதில் உலகத்தில் ஆயிரம் சண்டை. நடுவில் ஒரு பொட்டு, மிளகை விடப் பெரிது, பட்டாணியை விடச் சிறிது, அவ்வளவுதான் நான் வைத்தது. கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், பெரிய பாதிப்பு இல்லை, என்டி-எச்1 மின்சாரம் கடத்தாத வகை. குறைந்தால்தான் மூலைகள் காயும். விரலால் தடவிப் பரப்ப வேண்டாம், அழுத்தம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கூலரின் அடிப்பாகத்தில் கண்ணாடித் தாள் அல்லது பாதுகாப்பு மூடி எது இருந்தாலும் எடுத்துவிட்டீர்களா என்று இந்த இடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். சிரிக்க வேண்டாம், கெட்டிக்காரர்கள் எல்லாம் அதை எடுக்காமல் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போதுதான் நான் காசு கொடுத்ததற்கு அர்த்தம் தெரிந்த இடம். ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்சிங்கை மட்டும் இறக்கினால், அதன் இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங் போட்ட ஸ்க்ரூ ஒவ்வொன்று, பட்டையின் நடுவில் இருக்கும் மரையில் நேராகப் போய் உட்காருகிறது. இரண்டே ஸ்க்ரூ. இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று, இப்படி மாற்றி மாற்றி முறுக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் டக்கென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகாது. ஸ்ப்ரிங் எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தியாகிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் முறுக்கலாமா, போர்டு வளைகிறதா, உடையுமா என்ற பதற்றமே இல்லை. அழுத்தத்தை முடிவு செய்வது என் கை இல்லை, செய்தவன் கணக்கு. மூன்று தடவை பேஸ்ட் மாற்றியவனுக்குத்தான் இந்த 'டக்'கின் அருமை தெரியும்.

ஃபேனை மாட்டும் கம்பிக் கிளிப் அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை. இந்த வகைக் கிளிப் எந்தக் கூலரில் வந்தாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் தாவும், தகடுகளின் ஓரம் கத்தி மாதிரி, என் சுண்டுவிரலில் இன்னும் கோடு இருக்கிறது. திசை பார்ப்பதற்கு ஒரு எளிய வழி: ஃபேனின் நடுமோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் காற்று வெளியேறும். திறந்த முகம் ரேம் பக்கம், சட்டங்கள் தகடுகள் பக்கம், காற்று பின்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை நோக்கிப் போக வேண்டும். எதிர்த்திசையில் மாட்டினால் இரண்டு ஃபேனும் காற்றுக்கு இழுபறி நடத்தும்.

நான்கு முனை வயரை போர்டில் சிபியூ ஃபேன் என்று அச்சடித்த இடத்தில்தான் செருக வேண்டும். நான் வயர் அழகாகப் போகட்டும் என்று பக்கத்திலிருந்த கேபினெட் ஃபேன் இடத்தில் செருகிவிட்டு ஆன் செய்தேன், திரையில் 'ஃபேன் எர்ரர்' என்று வந்து நின்றது. பயந்துவிட்டேன். விஷயம் இதுதான்: நான்கில் ஒரு கம்பி தரை, ஒன்று 12 வோல்ட், ஒன்று ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குத் திருப்பிச் சொல்வது, நான்காவது எவ்வளவு வேகத்தில் சுற்று என்று போர்டு ஃபேனுக்குச் சொல்வது. சிபியூ ஃபேன் இடத்திலிருந்து பதில் வராவிட்டால் ஃபேனே இல்லை என்று போர்டு முடிவு கட்டிவிடும். வயரை மாற்றியதும் சரியானது.

சரி, பலன். அறை 28 டிகிரி இருக்கும்போது, ஆறு கோரையும் அரை மணி நேரம் முழுதாக ஓட விட்டதில் பழைய கூலரில் 86, ஃபேன் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3000 சுற்றில் அலறியது. யூ12எஸ்-ல் 67, ஃபேன் 1100 சுற்று. இது என் அறை, என் சிப், என் கேபினெட், உங்களுக்கு வேறு மாதிரி வரும், அறை இன்னும் ஐந்து டிகிரி சூடாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய ஐந்து ஏறும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சத்தத்தை அளக்கக் கருவி என்னிடம் இல்லை. என்எஃப்-எஃப்12 முழு வேகமான 1500 சுற்றில் 22.4 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது, 1100-ல் எனக்குக் கேட்டது காற்று நகரும் 'ஹ்ம்' மட்டும், கதவை மூடினால் அதுவும் இல்லை.

பெரிய ஃபேன் ஏன் அமைதி என்பதற்கும் காரணம் சுலபம். அதே காற்றைத் தள்ள அது மெதுவாகச் சுற்றினால் போதும், சுற்றும் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது ஃபேன்களுக்கான பொது விதி, பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதி சத்தம் போலத் தெரியும்.

ஆனால் மாட்டிய முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். ஏறி இறங்கும் பிரச்சினை அப்படியே இருந்தது, ஸ்வரம் மட்டும் தாழ்ந்திருந்தது. டேப் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும். காரணம் கூலர் இல்லை. இந்த சிப்கள் ஒரு சின்ன வேலைக்குக்கூட ஒரு கோரை முழு வேகத்துக்குத் தூக்கும், அந்தக் கண நேரத்தில் வெப்பமானி பத்து டிகிரி துள்ளும், அடுத்த நொடி இறங்கும், போர்டு அந்தத் துள்ளலை உண்மையான சூடு என்று நம்பி ஃபேனை விரட்டும். பயாஸில், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரையில், போய் இரண்டு விஷயம் செய்தேன். 60 டிகிரி வரை ஃபேன் 40 சதவீதத்தில் அசையாமல் இருக்கட்டும், அதற்குப் பிறகு சாய்வாக ஏறி 85-ல் முழு வேகம் தொடட்டும் என்று, சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் காட்டும் கோட்டை மாற்றினேன். இரண்டாவது, சூடு ஏறினால் உடனே ஓடாமல் சில நொடி பொறுத்துப் பார்த்து ஏறும் தாமதம். ஒவ்வொரு போர்டும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், தேடினால் ஃபேன் பக்கத்திலேயே இருக்கும். இவ்வளவுதான், உய்ங் ஒழிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த இரண்டையும் பழைய கூலரிலேயே செய்திருந்தால் பாதி எரிச்சல் அன்றைக்கே போயிருக்கும். கூலர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லை.

குறைகள் என்று கேட்டால், நிறம். பழுப்பும் சந்தன நிறமும், பழைய ரயில் பெட்டி இருக்கை மாதிரி. கண்ணாடிக் கதவு வைத்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்காகவே முழுக் கறுப்பில் குரோமாக்ஸ் என்று ஒன்று விற்கிறார்கள். என் கதவு தகரம், எனக்குக் கவலையில்லை. விலை இதே வேலையைச் செய்யும் மற்றவற்றை விட அதிகம், அதில் இரண்டு பேச்சு இல்லை. பதிலுக்கு ஆறு வருட உத்தரவாதமும், பின்னால் சாக்கெட் மாறினால் வாங்கிய ரசீதைக் காட்டிப் புதிய ஸ்க்ரூ செட்டை இலவசமாகக் கேட்டு வாங்கும் வசதியும் கிடைக்கிறது. ஒரே கூலரைப் பத்து வருடம் வைத்திருக்கும் ஆசாமிக்கு அது லாபம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் மாற்றுகிறவருக்கு வீண். அப்புறம் 140 வாட்டுக்கு மேல் இழுக்கும் சிப் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், ஓட்டிவிடும், ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு ஓட்டும், அதற்குப் பெரிய டவர்தான் சரி. எடையும் ஃபேனோடு 755 கிராம், கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றி எங்காவது கொண்டுபோனால் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

ஆறு மாதம் கழித்துத் தூசி தட்டுவதற்காகப் போன வாரம் மொத்தத்தையும் கழற்றினேன். ஃபேனை மட்டும் எடுத்துத் துடைத்தால் போதும்தான், ஹீட்சிங்கை எடுக்கத் தேவையே இல்லை, ஆனாலும் பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஆசை. காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டேன், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங்குக்கு நல்லதில்லை. ஹீட்சிங்கைத் திருப்பிப் பார்த்தால் பேஸ்ட் நான்கு மூலைக்கும் சீராக, பால் ஆடை மாதிரி மெல்லிசாகப் போயிருந்தது. துடைத்து, புதுப் பொட்டு வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் அந்த 'டக்' வரை முறுக்கி, அதே சோதனையை அதே அரை மணி நேரம் ஓட்டினேன். 67. ட்யூபில் பேஸ்ட் இன்னும் ஒரு தடவைக்கு மிச்சம் இருக்கிறது.